சோமர்வில்: சுட்டதும் சுடாமல் விட்டதும்

மட்டக்களப்புக் கரையில் இருந்து சில மைல் தூரத்தில், ஐம்பது மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் ஒரு விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. பேர் ஹேர்மிஸ். டைவிங் போற ஆக்களுக்கு நல்லாத் தெரிஞ்ச இடம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பான் விமானங்கள் குண்டு போட்டுத் தாட்ட கப்பல், 307 பேர் செத்தவை. நாங்கள் பொதுவா இந்தக் கதையை இதோட நிப்பாட்டி விடுவம். யப்பான்காரன் வந்தான், குண்டு போட்டான், கப்பல் தாண்டுபோச்சு.

எனக்கு இதில கனநாளா ஒரு கேள்வி. அண்டைக்கு அந்த விமானந்தாங்கியில ஒரு விமானம்கூட இருக்கேல்ல. அதின்ர விமானங்கள் திருகோணமலையில, சீனக்குடாவில நிண்டன. விமானம் இல்லாத விமானந்தாங்கி எதிரியின்ர கடலுக்குள்ள என்ன செய்துகொண்டு இருந்தது? அதை அங்க அனுப்பினது ஆர்?

இதைத் தேடிப் போனால் ஒரு மனிசனில் வந்து நிற்கும்: அட்மிரல் சேர் ஜேம்ஸ் சோமர்வில். இரண்டு உலகப் போர்களிலும் இருந்தவர். தன் வாழ்நாளில் இரண்டு பெரிய முடிவுகளுக்காக நினைக்கப்படுகிறவர். ஒன்று, சுடக்கூடாது என்று தானே நினைத்தவர்களைச் சுட்டது. மற்றது, சுட வேண்டிய எதிரியிடம் அகப்படாமல் விலகிப் போனது. முதலாவது நடந்தது அல்ஜீரியாவில். இரண்டாவது எங்கட கடலில்.

சோமர்வில் பிறந்தது 1882இல். 1897இல், பதினைந்து வயதும் நிரம்ப முதல், பிரித்தானியக் கடற்படையில் பயிற்சிக்குச் சேர்க்கப்பட்டார். அந்தக் காலத்தில் வசதியான வீட்டுப் பெடியள் இப்படித்தான் நேவிக்குப் போனவை. மற்ற அதிகாரிகள் பீரங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரிந்தபோது இவருக்குப் பிடித்தது வயர்லெஸ். அப்போது கடற்படைக்கு வயர்லெஸ் ஒரு புது விளையாட்டுச் சாமான் மாதிரி. முதலாம் உலகப் போரில், 1915இல், கலிப்போலிச் சண்டையில் அங்கிருந்த கடற்படையின் வயர்லெஸ் அதிகாரி இவர்தான். கரையில் நிற்கும் படைக்கும் கடலில் நிற்கும் கப்பலுக்கும் இடையே செய்தி ஓட வைப்பது இவருடைய வேலை. அந்தச் சண்டை பிரித்தானியாவுக்குப் படுதோல்வி. இவருக்கு 1916இல் பதக்கம் கிடைத்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த ஆளின் கதை முழுக்கச் செய்திகளின் கதை. யார் யாருக்கு என்ன அனுப்பினார்கள், எது பிந்தி வந்தது, எது பாதி வந்தது என்பதிலேயே ஆயிரக்கணக்கான உயிர் போயிருக்கிறது.

இடைப்பட்ட இருபது வருசத்தை வேகமாகக் கடப்போம். படிப்படியாக உயர்ந்தார். ஸ்பானிய உள்நாட்டுப் போர்க் காலத்தில் மத்தியதரைக் கடலில் நாசகாரிக் கப்பல்களுக்குப் பொறுப்பாக இருந்தார். 1938இல் கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவின் தளபதி ஆனார். அதின்ர தளம் திருகோணமலை. ஆகவே 1942இல் வந்தபோது இந்தக் கடல் அவருக்குப் புதிசில்லை. ஆனால் 1939இல் டொக்டர்மார் காசநோய் என்று சொல்லி அவரை ஓய்வுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த முடிவே பிழை என்று பிறகு பேசப்பட்டது. அதுக்குள்ள போர் தொடங்கியாச்சு. ஓய்வுபெற்ற மனிசன் சும்மா இருக்கவில்லை. கப்பல்களில் ரேடார் பொருத்துகிற வேலைக்குப் பின்னால் திரிந்தார். 1940 மே மாதம் டன்கேர்க்கில் இருந்து படைகளை மீட்டபோது, டோவரில் இருந்து அதை நடத்திய அட்மிரல் ராம்சேக்குக் கைகொடுத்தார். அந்த ஜூன் கடைசியில் ஜிப்ரால்டரில் ‘போர்ஸ் எச்’ என்ற கப்பல் பிரிவை உருவாக்கி இவரிடம் கொடுத்தார்கள். பதிவேட்டில் அப்பவும் ஓய்வுபெற்றவர்தான்.

கொடுத்த முதல் வேலை என்ன தெரியுமோ? ஒரு மாதத்துக்கு முதல் வரை கூட்டாளியாக இருந்த பிரெஞ்சுக் கடற்படையை அடக்குவது.

பிரான்ஸ் ஜூன் 22ஆம் திகதி ஹிட்லரோடு போர் நிறுத்தத்தில் கையெழுத்து வைத்துவிட்டது. அதின்ர கப்பல்கள் ஜேர்மன்காரன்ர கைக்குப் போய்விடும் என்பது சேர்ச்சிலின் பயம். பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் டார்லான், ஒருக்காலும் கொடுக்கமாட்டம் என்று வாக்குக் கொடுத்திருந்தார். சேர்ச்சில் நம்பவில்லை. அல்ஜீரியாவில் ஓரான் நகருக்குப் பக்கத்தில் மெர்ஸ்-எல்-கெபிர் என்ற துறைமுகத்தில் நான்கு பெரிய பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் நின்றன. இரண்டு புதியவை, இரண்டு பழையவை. அதுகளுக்குப் பொறுப்பு அட்மிரல் ஜான்சூல்.

சோமர்வில், அவருடைய கப்டன் ஹொலண்ட், ஜிப்ரால்டர்த் துறைமுகப் பொறுப்பாளர் அட்மிரல் நோர்த் – மூன்று பேருக்குமே இதில் விருப்பமில்லை. வேண்டாம், பேசித் தீர்க்கலாம் என்று சோமர்வில் லண்டனுக்கு எழுதினார். முடிவு மாறாது என்று பதில் வந்தது. இதோடு அவர் அடங்கிவிட்டார். எதிர்ப்பை எழுத்தில் பதிஞ்சார், பிறகு கப்பலைக் கிளப்பினார்.

ஜூலை 3, காலை. ஹொலண்ட் முன்பு பரிஸில் இருந்தவர், பிரெஞ்சு நல்லாக் கதைப்பார். அதனால்தான் அவரை அனுப்பினார்கள். ஜான்சூலோ, ஒரு கப்டனோடு நான் என்ன கதைக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, முதலில் சந்திக்கவே மறுத்துவிட்டார். நிபந்தனைகள் எழுத்தில் போயின: எங்களோடு சேர்ந்து சண்டை பிடி; இல்லாட்டி குறைஞ்ச ஆக்களோட பிரித்தானியத் துறைமுகத்துக்கு வா; இல்லாட்டி மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய் ஆயுதத்தைக் கழற்று; ஒண்டும் சரிவராட்டி ஆறு மணித்தியாலத்துக்குள்ள உன்ர கப்பலை நீயே தாட்டுவிடு. ஒன்றையும் ஏற்காவிட்டால் சுடுவோம்.

மூன்றாவது வழி மானத்தோடு ஒதுங்கக்கூடிய வழி. கொடுமை என்னவென்றால், ஜான்சூல் தன் மேலதிகாரிகளுக்கு அனுப்பிய செய்தியில் அந்த வழியைச் சொல்லவே இல்லை. தாட்டுவிடு, இல்லாட்டி சுடுவம் என்கிறார்கள் என்ற மாதிரித்தான் அனுப்பினார். சோமர்வில் கெடுவை மாலை வரை நீட்டினார். வெயிலில் துறைமுக வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு, சுடாமல் இருக்க ஒரு சாட்டுக் கிடைக்காதா என்று பார்த்துக்கொண்டிருந்தார் என்றுதான் நான் வாசிக்கிறேன். பின்னேரம் போல ஜான்சூல் ஒருவழியாக ஹொலண்டைச் சந்திக்கச் சம்மதித்தார். அவர்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே லண்டனில் இருந்து செய்தி வந்தது: கெதியா முடி, இல்லாட்டி பிரெஞ்சு உதவிக் கப்பல்கள் வந்திடும்.

மாலை 6 மணிக்குச் சில நிமிசம் முந்திச் சூடு தொடங்கியது. ஏறக்குறையப் பத்து நிமிசம்தான். பிரெத்தாஞ் என்ற பழைய போர்க்கப்பல் வெடித்துக் கவிழ்ந்தது. அந்த ஒரு கப்பலிலேயே தொள்ளாயிரத்துக்கு மேல் செத்தார்கள். ஸ்ட்ராஸ்பூர்க் என்ற புதிய கப்பல், இவ்வளவுக்கும் நடுவில், தப்பி ஓடி பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மூன்று நாள் கழித்து, சேதமான டன்கேர்க் கப்பலை முழுசா முடிக்க விமானங்களை அனுப்பினார்கள். மொத்தம் 1,297 பிரெஞ்சுக்காரர். அனேகம் பேர் நங்கூரம் போட்ட கப்பலுக்குள்ள நிண்ட மாலுமிகள்.

அடுத்த நாள் பிரித்தானியப் பாராளுமன்றம் எழும்பி நின்று சேர்ச்சிலுக்கு ஆரவாரம் செய்தது. சோமர்வில் மனைவிக்கு எழுதிய கடிதங்களில் வேற கதை: இது நவீன காலத்தின் மிகப் பெரிய அரசியல் பிழை, எங்கள் எல்லாருக்கும் வெட்கமாக இருக்கிறது என்ற கருத்தில் எழுதினார். எனக்கு இந்தக் கடிதத்தை வாசிக்கும்போது இரக்கமும் வருது, எரிச்சலும் வருது. ‘ஓடர் வந்தது, செய்தன், எனக்கும் விருப்பமில்லைத்தான்’ என்பது எங்கட நாட்டு ஆக்களுக்குக் கேட்டுப் பழகின வசனம். அந்த வெட்கம் பிரெத்தாஞ் கப்பலுக்குள்ள மாட்டினவனுக்கு எந்தப் பிரயோசனமும் இல்லை.

வேற வழி இருந்ததா? இருந்தது என்று காட்ட ஒரு உதாரணம் உண்டு. அதே நாட்களில் எகிப்தில், அலெக்சாந்திரியாத் துறைமுகத்தில், அட்மிரல் கன்னிங்காமுக்கும் இதே வேலை. லண்டன் அவரையும் அவசரப்படுத்தியது. அவர் அதைக் காதில் போடாமல் பிரெஞ்சு அட்மிரல் கொட்ஃபுருவாவோடு கதைத்துக்கொண்டே இருந்தார். ஒரு வெடியும் வெடிக்காமல், கப்பல்கள் எரிபொருளை இறக்கி, துறைமுகத்திலேயே ஆயுதம் இல்லாமல் நின்றன. ஆனால் நியாயமாகச் சொல்லவேணும். அலெக்சாந்திரியா பிரித்தானியாவின் கைக்குள் இருந்த துறைமுகம். கொட்ஃபுருவாவுக்கு ஓட இடமில்லை, உதவிக்கு வரவும் ஆளில்லை. மெர்ஸ்-எல்-கெபிர் பிரான்சின் சொந்தத் தளம். சோமர்வில்லுக்கு நேரம் குறைவு. இந்த வித்தியாசம் அவரை எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பதில் எனக்கு இன்னும் முடிவில்லை.

பிறகு 1942 நவம்பரில் ஜேர்மன் படை துலோன் துறைமுகத்தைப் பிடிக்க வந்தபோது, பிரெஞ்சுக்காரர் தங்கட கப்பல்களைத் தாங்களே தாட்டார்கள், தப்பி ஓடிய அந்த ஸ்ட்ராஸ்பூர்க்கையும் சேர்த்து. டார்லானின் வாக்கு உண்மையாகத்தான் இருந்திருக்கிறது.

மத்தியதரைக் கடலில் அவர் மேலும் ஒன்றரை வருசம் இருந்தார். மால்டாவுக்குச் சாமான் கொண்டுபோகும் கப்பல்களைக் காத்தார். ஜெனோவா நகரைப் பீரங்கியால் அடித்தார். அதில் வெடிக்காத ஒரு குண்டு இப்பவும் அந்த நகரத்துத் தேவாலயத்துக்குள்ள வைச்சிருக்கு. 1941 மேயில் பிஸ்மார்க் கப்பலை மடக்கியது அவருடைய ஆர்க் ரோயல் கப்பலில் இருந்து போன பழைய துணிச் சிறகு விமானங்கள். (அதே விமானங்கள் கொஞ்ச நேரத்துக்கு முதல் தங்கட கப்பலையே பிஸ்மார்க் என்று நினைச்சு டோர்பிடோ போட்டவை. நல்லவேளை படவில்லை.)

இதற்குள் ஒரு சம்பவத்தை மட்டும் கவனியுங்கோ. 1940 நவம்பரில், ஸ்பார்ட்டிவென்டோ முனைக்குப் பக்கத்தில் இத்தாலியக் கப்பல்களைத் துரத்தியவர், தான் காக்கவேண்டிய சாமான் கப்பல்கள் தனிச்சுப்போகும் என்று துரத்தலை நிறுத்தித் திரும்பினார். அவர் ஜிப்ரால்டருக்கு வந்து சேர முதலே லண்டன் விசாரணைக் குழுவை அனுப்பிவிட்டது. குற்றமில்லை என்று முடிந்தது. ஆனால் சேர்ச்சிலுக்கு முன்னால் அவருக்கு ஒரு பேர் விழுந்துவிட்டது: துரத்தாமல் திரும்புகிறவர்.

இந்தப் பேரோடுதான் 1942 மார்ச் கடைசியில் கொழும்புக்கு வந்தார், கிழக்குக் கடற்படையின் தளபதியாக. சிங்கப்பூர் பெப்ரவரியில் விழுந்துவிட்டது. பர்மா விழுந்துகொண்டிருந்தது. இலங்கையில் அட்மிரல் லேட்டன் சிவில் நிருவாகத்துக்கும் சேர்த்துத் தலைமை தாங்கினார். சோமர்வில்லிடம் கொடுத்த கப்பல்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஐந்து போர்க்கப்பல், அதில் நாலு முதலாம் உலகப் போர்க் காலத்துப் பழசு. ஓட்டம் காணாது, குடிதண்ணியும் கனநாளைக்குக் காணாது. மூன்று விமானந்தாங்கி, அதில் ஹேர்மிஸ் சின்னன். எதிரில் நகுமோவின் படை: பேர்ள் துறைமுகத்தை அடித்தவர்கள், ஐந்து விமானந்தாங்கிகளோடு. விமானக் கணக்கில் சோமர்வில்லை விட மூன்று மடங்கு பலம்.

அவருக்கு ஒரு உளவுச் செய்தி கிடைத்திருந்தது: ஏப்ரல் முதலாம் திகதி போலத் தாக்குதல் வரும். இலங்கைக்குத் தெற்கே போய்ப் பதுங்கி நின்றார். பகலில் விலகி, இரவில் கிட்டப் போய், ரேடார் பொருத்திய விமானங்களால் இருட்டுக்குள்ள டோர்பிடோ போடுவது திட்டம். வயர்லெஸ், ரேடார் என்று வளர்ந்த ஒருவருக்கு மட்டும் வரக்கூடிய யோசனை. யப்பானியர் பகலில் புலி, இரவில் அவர்களிடம் அந்தக் கண் இல்லை.

ஏப்ரல் 2 வரை ஒருத்தரும் வரவில்லை. தண்ணி முடியுது, எண்ணெய் முடியுது. செய்தி பிழை போல என்று நினைத்து மாலைதீவின் தென்கோடியில் இருந்த அட்டுத் தீவுத் தளத்துக்குப் போனார். போகும்போது கப்பல்களைப் பிரித்தார். டோர்செட்சயர் குரூசர் விட்டுவந்த திருத்த வேலைக்காகக் கொழும்புக்கு. கோர்ன்வோல் குரூசர் படைக் கப்பல்களுக்குக் காவல் போக, அதுவும் கொழும்புக்கு. ஹேர்மிஸ் திருகோணமலைக்கு, பிறகு மடகஸ்கார் படையெடுப்புக்குப் போக ஆயத்தமாக வேணுமாம்.

என்ர பார்வையில் அவருடைய பெரிய பிழை இதுதான், விலகிப் போனது அல்ல. செய்தி பிழையில்லை, பிந்திவிட்டது, அவ்வளவுதான். எதிரி வரவில்லை என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஏப்ரல் 4 பின்னேரம், கொக்கலவில் இருந்து பறந்த கனேடிய விமானி பேர்ச்சல் யப்பானியக் கப்பல்களைக் கண்டு, சுட்டு விழுத்தப்பட முதல் செய்தி அனுப்பிவிட்டார். சோமர்வில் அப்போதுதான் அட்டுவில் எண்ணெய் அடிக்கத் தொடங்கியிருந்தார். தூரம் அறுநூறு மைல். எட்டிப் பிடிக்க வழியே இல்லை.

5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு. சனம் காலைப் பூசைக்குப் போன நேரம் கொழும்பில் குண்டு விழுந்தது. துறைமுகத்தில் இரண்டு போர்க்கப்பல் தாண்டன. மத்தியானம் தாண்டி, அட்மிரலோடு சேர அவசரமாகத் தெற்கே ஓடிக்கொண்டிருந்த டோர்செட்சயரையும் கோர்ன்வோலையும் ஐம்பதுக்கு மேற்பட்ட குண்டு விமானங்கள் பிடித்தன. இரண்டும் இருபது நிமிசத்துக்குள்ள முடிஞ்சுது. பிஸ்மார்க்குக்குக் கடைசி டோர்பிடோ போட்டது இந்த டோர்செட்சயர்தான். 424 பேர் செத்தார்கள். 1,122 பேரை ஒரு நாளுக்கு மேல் கடலில் கிடந்த பிறகு, அடுத்த நாள் மாலை எடுத்தார்கள். எண்ணெய், வெயில், சுறா. அவ்வளவு நேரமும் சோமர்வில் அவர்களைத் தேடி ஆளனுப்பலாமா, அனுப்பினால் மிச்சக் கப்பல்களும் காட்டிக்கொடுபடுமா என்று யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

அன்று மாலை அவருடைய விமானங்கள் நகுமோவைக் கண்டன. ஒன்று விழுந்தது, மற்றது சேதத்தோடு திரும்பியது. கிடைத்த செய்தி அரைகுறை. இரவு முழுக்கத் தேடியும் பிடிபடவில்லை. பிடிபட்டிருந்தால்? அந்த இரவுத் தாக்குதல் சரிவந்திருந்தால் இண்டைக்கு அவர் வேற ஆள். சரிவராமல் விடிஞ்சிருந்தால் முழுக் கடற்படையும் கடலுக்கடியில். நகுமோவோ, அந்த அயலில் இப்படி ஒரு கடற்படை நிற்பதே தெரியாமல் கிழக்கே போய்விட்டார்.

8ஆம் திகதி சோமர்வில் முடிவெடுத்தார். பழைய கப்பல்கள் ஆபிரிக்கக் கரைக்கு, கென்யாவின் கிலிண்டினிக்கு. புதியவை மேற்குக் கடலில் திரிய. அதாவது இலங்கையை விட்டு விலகல். 9ஆம் திகதி காலை திருகோணமலையில் குண்டு. சீனக்குடா எண்ணெய்த் தாங்கி ஒன்று நாட்கணக்காக எரிந்தது. தாக்குதல் வருகிறது என்று முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளிக்கிட்ட ஹேர்மிஸ், விமானங்களைக் கரையிலேயே விட்டுவிட்டு, கரையோரமாகத் தெற்கே ஓடியது. மட்டக்களப்புக்கு நேரே கண்டுவிட்டார்கள். தண்ணிக்குள்ள கிடந்தவர்களை ‘வீற்றா’ என்ற மருத்துவக் கப்பல் ஏற்றியது. அதே நாட்களில் வங்காள விரிகுடாவில் இருபதுக்கு மேற்பட்ட வணிகக் கப்பல்களும் போயின.

விலகியது சரியா? கப்பல் கணக்கில் பார்த்தால் சரிதான். இரண்டு மாதத்தில் மிட்வேயில் அந்த ஐந்து யப்பானிய விமானந்தாங்கிகளில் மூன்று தாண்டன. சோமர்வில்லின் கப்பல்கள் அப்பவும் மிதந்தன. ஆனால் ‘இலங்கையைக் காக்கிறம்’ என்று நூற்றைம்பது வருசமாகச் சொல்லிக்கொண்டு திருகோணமலையில் இருந்த சாம்ராச்சியம், எதிரி உண்மையாவே வந்த நேரம் ஆபிரிக்காவுக்குப் போனதைக் கொழும்புச் சனமும் திருமலைச் சனமும் கண்ணால் கண்டது. அடுத்த மாதமே கொகோஸ் தீவில் இலங்கைச் சிப்பாய்கள் பிரித்தானிய அதிகாரிகளுக்கு எதிராகக் கிளம்பினார்கள். அது தனிக் கட்டுரைக்கு உரிய கதை.

கடற்படை திருகோணமலைக்குத் திரும்பியது 1944 தொடக்கத்தில். இங்கேதான் வரலாறு ஒரு விசித்திரமான வேலை செய்தது. அந்த வருசம் சோமர்வில்லின் கட்டளைக்குள் வந்து திருமலையில் நங்கூரம் போட்ட கப்பல்களில் ஒன்று ‘ரிஷ்லியு’. பிரெஞ்சுப் போர்க்கப்பல். மெர்ஸ்-எல்-கெபிர் நடந்து ஐந்தாம் நாள், டக்கார் துறைமுகத்தில் இதே ரிஷ்லியுவுக்கு டோர்பிடோ போட்டார்கள். போட்ட விமானங்கள் ஆருடையவை? ஹேர்மிஸினுடையவை. இப்ப ஹேர்மிஸ் மட்டக்களப்புக்கு நேரே கடலடியில். ரிஷ்லியு வடக்கே கொஞ்சத் தூரத்தில், ஓரானில் சுட்ட மனிசனின் கீழ். 1944 ஜூலை 25ஆம் திகதி சுமாத்திராவின் சபாங் துறைமுகத்தைப் பீரங்கியால் அடித்தபோது ரிஷ்லியுவோடு போன கப்பல்களில் ஒன்று ‘வேலியன்ற்’. அதுவும் 1940 ஜூலையில் பிரெஞ்சுக்காரரைச் சுட்ட கப்பல். அந்த பிரெஞ்சு மாலுமிகள் என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கோ.

சபாங்தான் அவருடைய கடைசிச் சண்டை. பேராதனையில் தலைமையகம் போட்டிருந்த மவுண்ட்பேட்டனோடு அவருக்குச் சரிவரவே இல்லை. மவுண்ட்பேட்டன் பதினெட்டு வயது இளையவர். கடற்படை ஆருக்குக் கீழ என்பதுதான் பிரச்சினை. மவுண்ட்பேட்டன் இவரை மாற்றச் சொல்லிக் கேட்டார். 1944 ஓகஸ்டில் பதவியை அட்மிரல் பிரேசரிடம் கொடுத்துவிட்டு வொஷிங்டனுக்குப் போனார், பிரித்தானியக் கடற்படையின் பிரதிநிதியாக. 1945 மே 8, ஐரோப்பாவில் போர் முடிந்த அதே நாள், கடற்படையின் ஆக உயர்ந்த பதவி கிடைத்தது. 1949 மார்ச்சில் சொமர்செற்றில் இருந்த தன் குடும்ப வீட்டில் செத்தார்.

அவரைப் பற்றி ஆங்கிலத்தில் நிறைய எழுதியிருக்கிறார்கள். அவருடைய கடிதங்களும் அச்சில் இருக்கு. அந்த ஏப்ரலைக் கரையில் நிண்டு கண்ட எங்கட சனத்தின் கதை அந்தளவு எழுத்தில் இல்லை. திருமலையிலயோ மட்டக்களப்பிலயோ கொழும்பிலயோ உங்கட வீட்டில 90 தாண்டின அம்மம்மா, அப்பப்பா ஆரும் இருந்தா, ‘யப்பான்காரன் குண்டு போட்ட நாள்’ எண்டு ஒருக்கா எடுத்துக் குடுத்துப் பாருங்கோ. போனில பதிஞ்சு வையுங்கோ.